களிம்பு விளம்பரத்தில் காசியம்மாள்

சுண்ணாம்புக்குளத்துக் காசியம்மாளுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சோற்றில் கை வைத்த பிறகும் இரண்டு தடவை எழுந்துபோய் வாசலைப் பார்த்துவிட்டு வருவாள். கோயிலில் கூழ் ஊற்றும் நாளில் வரிசையில் நிற்கச் சொன்னால், கூழே வேண்டாம் என்று வந்துவிடுவாள். ஏரித் தண்ணீரில் இறங்கினால்தான் அடங்குவாள். “வாயில பறி கீதில்ல, அதான்” என்பான் அவள் புருஷன் வேலு.

கேலிதான் என்றாலும் அவன் சொன்னது நிஜம். கையால் இறால் பிடிக்கிறவர்களுக்கு வலையும் கிடையாது, படகும் கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில் முட்டி போட்டு நகர்ந்துகொண்டே இரண்டு உள்ளங்கைகளாலும் அடிச்சேற்றைத் தடவ வேண்டும். ஏதாவது துள்ளினால் அந்தக் கணமே பொத்த வேண்டும். இரண்டு கையும் சேற்றில் இருந்தால் பிடித்ததை எங்கே போடுவது? அதற்குத்தான் பறி. பனையோலையில் முடைந்த, வாய் குறுகிய கூடை. அதன் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டால் மோவாய்க்குக் கீழே கூடவே மிதந்து வரும். நான்கு மணி நேரம் இப்படியே போக வேண்டும். அதுவரை பேச்சும் இல்லை, சிரிப்பும் இல்லை. காசியம்மாள் மாதிரி ஒரு வாயாடிக்குப் பார்த்துப் பார்த்து இந்தத் தொழிலைக் கொடுத்த கடவுளுக்குக் குறும்பு கொஞ்சம் அதிகம்தான்.

அவளுக்கு ஜமுனா என்று ஒரு தங்கை. அம்மா செத்தபோது ஜமுனாவுக்கு ஆறு வயது. அக்காதான் இடுப்பில் சுமந்து, பேன் பார்த்து, அடித்து, ஊட்டி வளர்த்தாள். அந்த ஜமுனா இருபது வயதில், இறால் ஏற்ற வரும் ஐஸ் லாரியின் டிரைவரோடு போகிறேன் என்று துணிமூட்டையுடன் ஏரிக்கரையில் வந்து நின்றாள். சொல்லாமலே ஓடியிருக்கலாம். சொல்லிக்கொண்டு போகத்தான் வந்தாள். காசியம்மாள் அப்போது தண்ணீரில் இருந்தாள். வாயிலிருந்து பறியை எடுத்து, “இனிமே எம் மூஞ்சியில முழிக்காத” என்றாள். மறுபடி பறியைக் கடித்துக்கொண்டு, குனிந்து சேற்றைத் தடவ ஆரம்பித்தாள். தங்கை எவ்வளவு நேரம் நின்றாள், எப்போது போனாள் என்று நிமிர்ந்தே பார்க்கவில்லை. அன்று கையில் அகப்பட்டதெல்லாம் நழுவிக்கொண்டே இருந்தது.

அப்புறம் ஐஸ் லாரியை வேறு ஒருவன் ஓட்டிக்கொண்டு வந்தான். பழைய டிரைவர் எங்கே என்று கேட்டால் தெற்கே எங்கேயோ என்றான். தெற்கு என்பது எவ்வளவு பெரியது! அக்காவுக்கும் எழுதத் தெரியாது, தங்கைக்கும் படிக்கத் தெரியாது. ஆரம்பாக்கத்தில் பஸ் வந்து நின்றால், இறங்குகிற பெண்களின் முகத்தையெல்லாம் காசியம்மாள் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். இப்படியே ஏழு வருஷம் ஓடியது.

எண்பத்தாறாம் வருஷம் தை மாதம் மெட்ராஸிலிருந்து வினோத் என்று ஒரு விளம்பரக் கம்பெனிக்காரன் கேமராவும் கழுத்துமாக வந்தான். ‘பூங்கரம்’ என்ற கைக் களிம்புக்குப் படம் வேண்டுமாம். உழைக்கிற கையும் சிரிக்கிற முகமும் ஒன்றாகத் தெரிய வேண்டுமாம். கரையில் நின்ற ஏழெட்டுப் பெண்களின் கைகளை ஜோசியக்காரனைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன் காசியம்மாளிடம் வந்து நின்றான். நகம் தேய்ந்து, விரலிடுக்கெல்லாம் வெடித்து, நண்டு கடித்த தழும்போடு இருந்த அந்தக் கையைப் பார்த்து ஒருவன் சந்தோஷப்படுவதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

“இந்தப் படத்த யாரு சார் பாப்பாங்கோ?”

“வாரப் பத்திரிகையில முழுப்பக்கம் வருதும்மா. மூணு லட்சம் காப்பி. ஒரு காப்பிய எட்டுப் பேராவது பாக்கறாங்கன்னு கணக்கு. தமிழ்நாடு பூரா போகும்.”

“தெக்கால கூட போவுமா?”

“எல்லா ஊருக்கும் போகும்.”

மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்காமல் தண்ணீரில் இறங்கிவிட்டாள். பறியைக் கடித்துக்கொண்டு குனிந்தவளை வினோத் தடுத்தான். “அந்தக் கூடைய வாயிலேருந்து எடுங்கம்மா, முகமே தெரியல. கையில வச்சிக்குங்க. எங்க, நல்லா சிரிங்க பாப்போம்.” இடது கையில் பறி, வலது கை தண்ணீரில். முன்பல் இரண்டுக்கும் நடுவே உள்ள சந்து தெரிய, காசியம்மாள் தெற்குத் திசை முழுவதையும் நினைத்துக்கொண்டு சிரித்தாள். போகும்போது இரண்டு டியூப் களிம்பு கொடுத்துவிட்டுப் போனான். அதைத் தடவிக்கொண்டு இறங்கிய அன்று ஓர் இறால் கூடக் கையில் நிற்கவில்லை. நின்ற நாலைந்தும் மல்லிகைப்பூ வாசம் வீசுகிறது என்று, இறால் வாங்கும் கோமளா திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பங்குனியில் பத்திரிகை வந்தது. சொன்னபடி வினோத் ஒரு காப்பியைத் தபாலில் அனுப்பியிருந்தான். அதை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் முதலில் கோமளாவிடம்தான் ஓடினாள்.

கோமளா பக்கத்தை எட்ட வைத்துப் பார்த்தாள், கிட்ட வைத்துப் பார்த்தாள். “யாருமே இது? பிக்னிக்கு வந்த அம்மாவா?”

“நான்தான்க்கா!”

“நீயா? ஒரு கையில பறியப் புடிச்சினு ஒரு கையால தடவறியா? ஏன், இறாலு உனக்காவ வரிசையில நிக்கிதா?”

கோமளா மட்டும் அல்ல, ஊரில் யாருமே நம்பவில்லை. அவர்களைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. தண்ணீருக்குள் காசியம்மாளின் வாயை அந்த ஊரில் எவரும் பார்த்ததில்லை. கரையில் பார்த்ததெல்லாம் சண்டை போடுகிற வாய். சிரிக்கிற வாயை வைத்து ஆளை அடையாளம் சொல் என்றால் பாவம், அவர்கள் எங்கே போவார்கள்? வேலு கூடப் படத்தைத் தலைகீழாக எல்லாம் திருப்பிவிட்டு, “உன்ன மாதிரிதான் கீது. ஆனா நல்லா கீதே” என்றான். அன்றைக்கு அவனுக்குச் சோறு கிடைக்கவில்லை.

தினம் பார்க்கிற ஊருக்கே தெரியவில்லை என்றால், ஏழு வருஷமாகப் பார்க்காதவளுக்கு எப்படித் தெரியும்? மனசு கேட்காமல் காசியம்மாள் ஆரம்பாக்கத்துக்குப் போனாள். ரயில்வே ஸ்டேஷன் கடைக்கு வந்தது மொத்தமே பன்னிரண்டு காப்பி. சலூனில் கிடந்த ஒன்றை ஒருவன் எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தான். அவள் வாசலிலேயே நின்று பார்த்தாள். அவன் துணுக்கைப் படித்துச் சிரித்தான். தொடர்கதைப் படத்தை ரசித்தான். அவளுடைய பக்கம் வந்ததும் விரலை எச்சில் தொட்டு, அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டான். அவளுக்கு உள்ளே புகுந்து அவன் தலையைப் பிடித்துத் திருப்பலாமா என்று இருந்தது.

அடுத்த மாதம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு வாழைக்காய் பஜ்ஜிக்கு அடியில் தன் முகத்தைப் பார்த்தாள். எண்ணெய் ஊறி, பல் சந்தெல்லாம் மறைந்து, ஒரு கண் மட்டும் தெரிந்தது. மூன்று லட்சத்தில் ஒன்று இங்கே. மீதியெல்லாம் எந்தெந்த ஊரில் எந்தெந்தப் பண்டத்துக்கு அடியில் கிடக்கின்றனவோ என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. பஜ்ஜியைத் தின்றவர் பதறிப்போய், “ஏம்மா, பசிக்குதா?” என்று கேட்டார்.

மறு வருஷம் மாசி மாதத்தில் வினோத் மறுபடி வந்தான். இந்தத் தடவை வேனில் வந்தான். கூடவே பெரிய கேமரா, குடை, தொப்பி போட்ட பருத்த இயக்குநர் ஒருவர். களிம்புக்கு டிவியில் விளம்பரம் எடுக்கிறார்களாம்.

“பேப்பர்லயே ஒருத்தரும் பாக்கல சார். டிவில மட்டும் பாப்பாங்கோளா?” காசியம்மாள் இப்போது விவரம் தெரிந்தவள்.

வினோத் சிரித்தான். “பத்திரிகை எவ்வளவு விக்குதோ அந்த அளவுக்கு டிவி பெட்டி இன்னும் வரலம்மா. ஆனா ஒரு பெட்டி முன்னால ஒரு தெருவே உக்காருது. படிக்கத் தெரியாதவங்களும் பாக்கறாங்க. விளம்பரத்துக்கு யாரும் எழுந்து போறதில்ல, பிள்ளைங்க கூடவே பாடுது. முக்கியமா, பக்கத்தப் புரட்டிட்டுப் போக முடியாது பாருங்க.”

சலூன் வாசலில் நின்றவளுக்கு இந்தக் கடைசி விஷயத்தை யாரும் விளக்கவேண்டியதில்லை. “நான் எம்மா நேரம் வருவேன்?”

“மொத்தமே இருபது விநாடி. நீங்க ஒரு மூணு விநாடி.”

“மூணு விநாடின்னா?”

அவன் மூன்று முறை விரலைச் சொடுக்கிக் காட்டினான். சேற்றில் தட்டுப்பட்ட இறாலைப் பொத்திப் பறிக்குள் போடுகிற நேரம்தான் அது. காசியம்மாளுக்குப் பகீர் என்றது. பேப்பராவது எங்கேயாவது கிடக்கும். இது வந்த வேகத்தில் போய்விடும். அந்த நேரம் பார்த்து ஜமுனா தும்மினால் கூடப் போயிற்று. மூன்று சொடுக்கில் பார்க்கிறவளுக்கு ஒரு சந்தேகமும் வரக்கூடாது. இவள்தான் என்று நெஞ்சில் அடித்தாற்போலத் தெரிய வேண்டும்.

எனவே இயக்குநர், “கூடைய எடுத்துட்டு சிரிம்மா” என்றபோது காசியம்மாள் தலையை ஆட்டினாள். மறுபடி சொன்னார். மறுபடி ஆட்டினாள். பறியை எடுத்தால்தான் பேச முடியும் என்பதால் ஒரே ஒரு தடவை எடுத்து, “பறி இல்லன்னா அது நான் இல்ல சார்” என்று சொல்லிவிட்டுத் திரும்பக் கடித்துக்கொண்டாள். வேறு பெண்களை இறக்கிப் பார்த்தார்கள். ஒருத்தி கேமராவைக் கண்டதும் வெட்கத்தில் முகத்தைத் தண்ணீருக்குள்ளேயே புதைத்துக்கொண்டாள். இன்னொருத்திக்குச் சிரிப்பு வந்தது, நிற்கத்தான் இல்லை. அதற்குள் முகத்துவாரத்திலிருந்து தண்ணீர் ஏறத் தொடங்கியது, வெயிலும் இறங்கியது. வினோத் இயக்குநரின் காதில் என்னவோ சொன்னான். அவர் தொப்பியைக் கழற்றித் தொடையில் தட்டிவிட்டு, “சரி, கஷ்டப்படற மாதிரியே இருக்கட்டும். களிம்புக்கு முன்னாடி இந்தம்மா. சிரிக்கறதுக்கு நடிகை இருக்காங்க” என்றார்.

இப்படியாகக் காசியம்மாள் களிம்பு கிடைக்காத பாவப்பட்ட பெண்ணாக ஆனாள். அவளுக்கு அதில் துளியும் வருத்தமில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சினிமாப் பாட்டுக்கு நடுவே விளம்பரம் வரும் என்று வினோத் கடிதம் போட்டான். ஊரில் இருந்தது ஒரே டிவி. பஞ்சாயத்து அறையில் மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கும். சாவி சகாதேவனிடம் இருக்கும். முதல் வெள்ளி கரண்ட் போய்விட்டது. இரண்டாம் வெள்ளி சகாதேவன் கும்மிடிப்பூண்டிக்குக் கல்யாணத்துக்குப் போனான், சாவியும் அவன் இடுப்பில் கல்யாணத்துக்குப் போயிற்று. காசியம்மாள் பூட்டை உடைக்கக் கல்லைத் தூக்கிவிட்டாள். “டிவில வர்றதுக்கு முன்னாடி திருட்டுக் கேசுல பேப்பர்ல வந்துடப் போறே” என்று வேலு கையைப் பிடித்து இழுத்து வந்தான்.

மூன்றாம் வெள்ளி பஞ்சாயத்து அறை வாசல் மணலில் ஊரே உட்கார்ந்திருந்தது. இரண்டு பாட்டு முடிந்தது. ஒரு சோப்பு, ஒரு பல்பொடி. அப்புறம் ஏரி. குனிந்த தலை, சேற்றிலிருந்து எழும்பும் இரண்டு கைகள், பல்லுக்கிடையில் பறி. “காசி டோய்!” என்று இருநூறு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். “பறியக் கடிச்சினு கீது பாரு, நம்ம காசிதான்!” என்று கோமளா எழுந்தே நின்றுவிட்டாள். அதற்குள் திரையில் நடிகை வந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் ஊரிலுள்ள பிள்ளைகள் எல்லாம் பையையும் செருப்பையும் வாயில் கடித்துக்கொண்டு திரிந்தன.

அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருந்தது, ஒரு நாள். மறுநாளிலிருந்து பழைய பரபரப்பு இரண்டு மடங்காக வந்து உட்கார்ந்துகொண்டது. இதுவரை தங்கை வராததற்குப் பத்திரிகையைத் திட்ட முடிந்தது, சலூனில் பக்கம் புரட்டியவனைத் திட்ட முடிந்தது, பஜ்ஜியைத் திட்ட முடிந்தது. இனிமேல் யாரைத் திட்டுவது? டிவியில் இவ்வளவு தெளிவாக முகத்தைக் காட்டிய பிறகும் ஒருத்தி வரவில்லை என்றால், அவளுக்கு வர இஷ்டமில்லை என்றுதானே அர்த்தம்? முழிக்காதே என்று சொன்ன முகம்தானே. காசியம்மாளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பஸ் வருகிற நேரத்துக்கு ஆரம்பாக்கத்தில் போய் நிற்பாள். பஸ் கிட்டே வந்ததும் பார்க்கப் பயந்து டீக்கடைப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

பதின்மூன்று வாரம் விளம்பரம் வந்தது. பிறகு அந்த இடத்தில் ஒரு குக்கர் வந்தது. அதற்கப்புறமும் அவள் நாலைந்து வெள்ளிக்கிழமை பஞ்சாயத்து அறைக்குப் போய் உட்கார்ந்தாள். பிறகு போகவில்லை. “உடு, காசி” என்றான் வேலு. அன்று அவன் கேலி செய்யவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். காசியம்மாள் தண்ணீரில் முட்டி போட்டு நகர்ந்துகொண்டிருந்தாள். பறி முக்கால் நிறைந்திருந்தது. “யக்கா” என்று கரையிலிருந்து ஒரு குரல் கேட்டது. அவள் நிமிரவில்லை. இந்தக் குரலை அவள் பஸ் ஸ்டாண்டிலும் தூக்கத்திலும் எத்தனையோ தடவை கேட்டு ஏமாந்திருக்கிறாள். “யக்கா, நான்தான்” என்றது மறுபடியும்.

நிமிர்ந்தாள். கையில் ஒயர் கூடையோடு, கொஞ்சம் சதை போட்டு, ஜமுனா நின்றிருந்தாள். காசியம்மாளின் வாய் தானாகத் திறந்தது. பறி நழுவிச் சரிந்தது. காலையிலிருந்து பிடித்த இறாலெல்லாம் வந்த வழியே ஏரிக்குள் போயிற்று.

“பறி போவுது பாருடி! பாத்துக்கினு நிக்கிறியே!” எட்டு வருஷத்துக்குப் பிறகு அவள் தங்கையிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

ஜமுனா கூடையைக் கரையில் போட்டுவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். மிதந்து போன பறியைப் பிடித்துக்கொண்டு அக்காவின் எதிரே வந்து நின்றாள். ஆற்காட்டுப் பக்கம் ஓர் அரிசி மில்லில் வேலை செய்கிறாளாம். அவரும் அங்கேயே லாரி ஓட்டுகிறாராம், நன்றாகத்தான் வைத்துக்கொண்டிருக்கிறாராம். எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள்.

“டிவில பாத்தியா?” என்று கேட்டாள் காசியம்மாள்.

“பேப்பர்லயே பாத்தேன். வறுத்த மல்லாட்டைய அதுலதான் மடிச்சிக் குடுத்தாங்கோ. பல்லு சந்தப் பாத்தவொடனே கண்டுகினேன். ஒரு வருசமா செவுத்துல ஒட்டி வச்சினு கீறேன்.”

ஊரே கண்டுபிடிக்க முடியாத சிரிப்பு. இடுப்பில் உட்கார்ந்து வளர்ந்தவளுக்கு அது தெரியாதா? காசியம்மாள் இதை ஒரு நாளும் யோசிக்கவில்லை. “அப்பவே வர்றதுக்கு இன்னாடி உனுக்கு?”

ஜமுனா பறியின் கயிற்றைத் திருகிக்கொண்டே நின்றாள். “நீதான் அப்பிடி சிரிச்சினு கீறியே. பறியும் வாயில இல்ல. நான் பூட்டப்பறம் நல்லாத்தான் கீறா, மறந்துட்டான்னு நெனச்சேன். நிம்மதியா கீறவள இன்னாத்துக்குப் போயி கலைக்கறதுன்னு உட்டுட்டேன்.” மூக்கை உறிஞ்சினாள். “அப்பறம் மில்லு மொதலாளி ஊட்டு ஜன்னலாண்ட நின்னு டிவி பாத்தேன். பறியக் கடிச்சினு, குனிஞ்ச தல நிமிராம... நான் கரையில மூட்டையோட நின்னப்ப எப்பிடி இருந்தியோ அப்பிடியே கீறேக்கா. இம்மா வருசமா வாயே தொறக்காம அப்பிடியே கீறாளேன்னு நெஞ்சு அடைச்சிக்கிச்சு. தயிரியம் வர்றதுக்குத்தான் இவ்ளோ நாளு.”

காசியம்மாள் இரண்டு சேற்றுக் கைகளாலும் தங்கையின் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். வாய்விட்டு அழுதாள். பிறகு, மத்தியானச் சோற்றுக்கு ஏதாவது பிடித்தாக வேண்டுமே என்று பறியை வாங்கிக்கொண்டாள். வாய் வரை கொண்டுபோனவள் கடிக்கவில்லை. பறியைக் கடித்தால் பேச முடியாது. எட்டு வருஷத்துப் பேச்சு உள்ளே கிடக்கிறது. இடது கையில் பறியைப் பிடித்துக்கொண்டு வலது கையால் சேற்றைத் தடவியபடியே ஆரம்பித்தாள். பக்கத்தில் முட்டி போட்டு ஜமுனாவும் நகர்ந்தாள்.

இறால் வாங்கக் கரைக்கு வந்த கோமளா இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். “இன்னாமே காசி, அந்த பேப்பர் படத்துல கீற மாதிரியே ஒரு கையால தடவறே?” என்று சத்தம் போட்டாள். தண்ணீரில் காசியம்மாள் சலூன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கோமளா கேட்டது அவள் காதில் விழவில்லை.